மெரூனுக்கு மேலே பச்சை

புதன்கிழமை காலை காவியா வந்து நின்றபோது ஞானமேரி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மகளிர் காவல் நிலையத்தில் ஏட்டம்மாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தருமபுரியில் போலீசுக்குப் போகக் கூச்சப்படுகிறவர்கள் அவர் வீட்டுக்குத்தான் வருவார்கள். கணவர் கஸ்பார் பழைய பஸ் கண்டக்டர். துப்பறிவதில் மனைவியைவிட அவருக்குத்தான் ஆசை அதிகம், பொறுமை கம்மி.

"வெள்ளிக்கிழமை எனக்கு நிச்சயம்ங்க மேடம். நேத்து மாப்பிள்ளை வூட்டுல நிறுத்தச் சொல்லிட்டாங்க. இந்தப் படந்தான் காரணம்," என்று காவியா போனை நீட்டினாள்.

படத்தில் முகம் இல்லை. ஒரு பெண்ணின் கை, அதைப் பிடித்திருக்கும் ஓர் ஆணின் கை. 'உங்க வருங்கால மருமகள் கை' என்று கீழே ஒரு வரி. தெரியாத எண்ணிலிருந்து மாப்பிள்ளையின் அம்மாவுக்கு வந்திருக்கிறது.

"நம்ம ஸ்டாண்டுதான். பின்னால பாரு, ஏரியூர் வண்டி. போர்டு பளிச்சுன்னு தெரியுது," என்றார் கஸ்பார்.

ஞானமேரி நகங்களைப் பார்த்தார். கட்டைவிரலில் வெறும் மெரூன். அடுத்த விரலில் மெரூனுக்கு மேல் மினுமினுக்கும் பச்சை ஒரு பூச்சு, அதற்கடுத்ததில் இரண்டு என்று ஏறிக்கொண்டே போய், சுண்டுவிரல் மயில் கழுத்து நிறத்தில் இருந்தது. தன் வலது கையைப் படத்தின் பக்கத்தில் விரித்து வைத்துச் சற்று நேரம் ஒப்பிட்டார்.

"நிச்சயச் சேலைக்கு எது பொருந்தும்னு பாக்க, ஞாயித்துக்கிழமை நான் இப்படித்தான் போட்டுப் பாத்தேன். மறுநாள் மாப்பிள்ளை மாதவராஜோட அம்மா எங்க வூட்டுக்கு வந்தப்ப, அஞ்சு விரலுக்கு அஞ்சு கலரான்னு சிரிச்சாங்க. அதனாலதான் படத்தப் பாத்ததும் என் கைன்னே முடிவு பண்ணிட்டாங்க. ஆனா சத்தியமா நான் இல்லீங்க."

அவள் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். முதல் நாளே அவசரமாகப் பாலிஷை அழித்திருந்தாள் போல. இடது கை நகங்களின் ஓரத்தில் மெரூன் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. வலது கையில் பொட்டு நிறம்கூட இல்லை.

"நீ போடறப்ப யார் கூட இருந்தாங்க?"

"என் அண்ணி சுகுணாவும் பக்கத்து பார்லர் மோனிஷாவும். ரெண்டு பாட்டிலும் மோனிஷா கடையில வாங்கினதுதான். தருமபுரியிலயும் எல்லாக் கடையிலயும் கிடைக்கும். அப்பறம் சசிகலாவுக்கு மட்டும் போன்ல படம் அனுப்பினேன். காலேஜ்ல இருந்து என் உயிருக்குயிரான சிநேகிதி. இங்க டவுன்ல வேலை. அன்னைக்கு எங்க ஊரு கடத்தூருக்கு வர முடியல."

அந்தப் படத்தையும் காட்டினாள். கஸ்பார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "பின்னால தொங்கற காலண்டர்ல ஒரு எழுத்தும் புரியலையே. கன்னடமா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, தமிழ்தான்," என்றாள் காவியா. ஞானமேரி மட்டும் அந்தக் காலண்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணி மேல சந்தேகமா?" என்று கஸ்பார் நேராகவே கேட்டுவிட்டார்.

காவியா தலையைக் குனிந்துகொண்டாள். "அவங்க தங்கச்சிக்கு மாதவராஜ கேட்டிருந்தாங்க, அமையல. நேத்திலிருந்து அண்ணி கையால ஒரு வாய் காப்பி வாங்கிக் குடிக்க மனசு வர்ல. அவங்களும் என் முகத்தப் பாக்கறதில்ல. மோனிஷா கதவத் திறந்தாலே பகீர்ங்குது. இப்படியே போனா நான் யார்கூட வாழறது?"

வியாழக்கிழமை கடத்தூரில் காவியாவின் வீட்டில் எல்லோரும் கூடினார்கள். மாதவராஜும் அவன் அம்மாவும் வேண்டாவெறுப்பாக வந்து உட்கார்ந்தார்கள். சசிகலா லீவு போட்டுவிட்டு வந்து காவியாவின் தோளை அணைத்தபடி இருந்தாள்.

ஞானமேரி சுகுணா, மோனிஷா, சசிகலா மூவரிடமும் இரண்டிரண்டு பாட்டில்களைக் கொடுத்தார். "அன்னைக்கு காவியா எப்படிப் போட்டிருந்தாளோ, அப்படியே உங்க கையில போட்டுக் காட்டுங்க. ஆளுக்கு ஒரு ரூமு. பேசிக்கக் கூடாது."

நடையில் காவல் நின்ற கஸ்பார், "குத்தவாளி தப்பாத்தான் போடுவா," என்று மனைவியின் காதில் சொன்னார்.

"இல்லீங்க. படத்துல இருக்கற மாதிரியே போடுவா," என்றார் ஞானமேரி.

அரை மணி கழித்து மூவரும் கையை நீட்டினார்கள். நிறங்கள் மூன்றிலும் ஒன்றேபோல் இருந்தன. சுகுணா நீட்டியது இடது கை. மோனிஷாவும் இடது கை. சசிகலா மறுபடி காவியாவின் தோளை அணைத்தபடி வலது கையை நீட்டினாள்.

"ஏம்மா சசிகலா, வலது கையில போட்ட?"

"அவ அதுலதானங்க போட்டிருந்தா."

"இல்ல. இந்த வூட்டுல சோறு பிசையற கைக்கு யாரும் பாலிஷ் போடறதில்ல. குழம்பு மஞ்சள் ஏறிடும், வாசமும் சோத்துல அடிக்கும். நேத்துகூட காவியாவோட இடது கையிலதான் மெரூன் ஒட்டியிருந்தது. நேர்ல பாத்த ரெண்டு பேரும் யோசிக்காம இடது கையில போட்டாங்க." ஞானமேரி காவியாவின் போனை எடுத்துக் காட்டினார். "உனக்கு வந்த படம் முன்பக்க கேமராவுல எடுத்தது. அந்த கேமரா கண்ணாடி மாதிரி இடத்த வலமாக்கிடுச்சு. காலண்டர் எழுத்து இடவலமாத் திரும்பி நிக்குது, பாரு. நீ வலது கைன்னு நம்பிட்ட. மாப்பிள்ளை வூட்டுக்கு வந்த படத்துலயும் வலது கைதான். அதுல பஸ் போர்டு நேரா இருக்கு, அதனால அது நிஜமாவே வலது கை. இந்தத் தப்ப, காவியா கைய போன்ல மட்டும் பாத்த ஆளுதான் பண்ண முடியும்."

சுகுணா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதைப் பார்க்கக் காவியாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

சசிகலா காவியாவின் தோளிலிருந்து கையை எடுத்தாள். "ஆமா, நான்தான். கூட இருக்கறது என் தம்பி கை. தை மாசம் இவங்க மொதல்ல என்னையத்தான் பொண்ணு பாக்க வந்தாங்க. பஜ்ஜி, காப்பி எல்லாம் ஆச்சு. அப்பறம் பொண்ணு நிறம் கம்மின்னு சொல்லியனுப்பிட்டாங்க. அவமானத்துல நான் யார்கிட்டயும் சொல்லல. இவ என்னடான்னா, எந்தக் கலரு தனக்கு எடுப்பா இருக்கும்னு எனக்கே படம் அனுப்பறா." மற்றதைச் சொல்ல முடியாமல் அழுதாள்.

மாப்பிள்ளையின் அம்மா கைகளை உதறிவிட்டு எழுந்தார். "சரி, விஷயம் தெளிஞ்சு போச்சு. எங்க மேல தப்பில்ல. நாளைக்கே நிச்சயத்த வெச்சுக்கலாம்."

காவியா அவரைப் பார்க்கவில்லை. "சசிய பாத்துட்டு வந்தத ஏங்க எங்கிட்ட சொல்லல?" என்று மாதவராஜிடம் கேட்டாள்.

அவன் அம்மாவைப் பார்த்தான்.

"அந்தப் படம் வந்தப்ப, இது நீயான்னு ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே?"

"அம்மாதான் வேண்டாம்னாங்க."

"நாளைக்கு நிச்சயம் வேணாங்க அத்தை," என்றாள் காவியா. "ரெண்டு நாளா எங்க அண்ணிய சந்தேகப்பட்டேன், மோனிஷாவ சந்தேகப்பட்டேன். இவர ஒரு தடவகூட சந்தேகப்படாம இருந்துட்டேன்."