விசாலத்தின் காதெலும்பு

அறுபத்தேழாம் வருஷம். மனைவி விசாலம் போன ஒன்பதாம் நாள், மாதுங்காவிலிருந்து பஸ் ஏறி ஆராய்ச்சிக் கூடத்துக்கு வந்து சேர்ந்தார் அனந்தகிருஷ்ணன். பட்டப்பகல். உள்ளே ஸ்பிரிட் வாடை. அங்கே உதவிக்கு இருக்கும் தாராவிக்காரன் பூலோகம், எதுவும் கேட்காமல் ஜன்னல்களைச் சாத்தினான்.

கண்ணாடித் தொட்டியில், உப்புநீருக்குள் இருந்தது உள்காதைப் பொதிந்த விசாலத்தின் காதெலும்பு.

சாவதற்கு முந்தின மாலை முழுக்க ஆஸ்பத்திரியில் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம். சத்தத்துக்கு உள்காது எப்படி அசைகிறது என்று ஒரு கணித மாதிரியைக் கட்டிக்கொண்டிருந்த மனுஷன், முடித்துவிட்டு வருகிறேன் என்று இங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவளுக்கு நினைவு தப்பியிருந்தது. குனிந்து, "வந்துட்டேன்டி" என்றார். காதில் விழுந்ததா? அது தெரியாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. டாக்டரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, எரிப்பதற்கு முன் அந்த எலும்பை வாங்கிக்கொண்டார். சஞ்சயனத்தில் எலும்பு பொறுக்கும்போது சாஸ்திரிகளிடம் மூச்சு விடவில்லை.

அவர் கணக்கு இதுதான். செத்த காதில் சத்தம் இரட்டித்தால் அசைவும் இரட்டிக்கும். தாளில் நேர்கோடு விழும். உயிருள்ள காது உரத்த சத்தத்துக்கு அடங்கும், முணுமுணுப்புக்குத் துள்ளும். கோடு வளையும்.

சாயங்காலம்வரை விதவிதமாகச் சத்தம் கொடுத்துப் பார்த்தார். நேர்கோடுதான்.

"பேரச் சொல்லிக் கூப்பிட்டுப் பாத்தியளா, சாமி?" என்றான் பூலோகம்.

"விசாலம்" என்றார், மூச்சளவு குரலில்.

தொட்டியோடு பொருத்தியிருந்த மானியின் ஊசி கடைசிவரை பாய்ந்தது.

"கேக்கறது பூலோகம். அவளுக்குக் கேக்கறது." அழுகை பொங்கிவிட்டது அவருக்கு.

பூலோகம் சுவரோடு ஒட்டி நின்றான். "மத்ததெல்லாம் எரிச்சாச்சே, சாமி. கண்ணு இல்ல, வாயி இல்ல. கேக்க மட்டும் விட்டு வச்சிருக்கியளே. பாவம்லா."

அனந்தகிருஷ்ணன் எலும்பை வேட்டியில் முடிந்துகொண்டு நேராகச் சுடுகாட்டுக்கு ஓடினார். பூலோகமும் கூடவே ஓடினான். யாருடைய சிதையிலோ அதை இட்டு, சாம்பலாகும்வரை இருவரும் நின்றார்கள்.

"போயிட்டா," என்றார்.

பூலோகம் அவருடைய இடது காதையே பார்த்தான். கிட்டே வந்து, அதன்மேல் தன் காதை வைத்தான்.

"என்ன?"

"ஒங்க காதுக்குள்ளருந்து வருது, சாமி. அம்மா ஒங்களத்தான் கூப்பிடுதாவ."

அனந்தகிருஷ்ணன் மூச்சை அடக்கிக் கேட்டார். விறகு வெடித்தது. தூரத்தில் லோக்கல் ரயில் போயிற்று.

வேறொன்றும் இல்லை.

"எனக்குக் கேக்கலையே."

"நிறுத்தாமக் கூப்பிடுதாவ, சாமி."