சுத்தத் தொட்டி

மறுபடியும் மூடியிருந்தன. மிளகளவே இருந்த நூற்றுக்கணக்கான கடல் நத்தைக் குஞ்சுகள் தம் ஓட்டு வாயை மூடியால் இறுக அடைத்துக்கொண்டு தொட்டியின் அடியில் சிதறிக் கிடக்க, காற்றுக்குழாயின் குமிழிகள் மட்டும், யாரோ வாய்க்குள் முணுமுணுப்பதுபோல், இருட்டத் தொடங்கிய கூடத்தில் ஓயாமல் ஒலித்தன.

தொட்டியைத் தூக்கிப்போட்டு உடைக்கலாம்போல் இருந்தது அவளுக்கு.

துறைமுகத்தில் பிடித்த பெண் நத்தைகளுக்கெல்லாம் ஆணுறுப்பு முளைத்திருந்தது. கப்பலின் அடிப்பாகத்தில் பூசும் பெயிண்ட்தான் காரணம் என்று நிறுவ, நஞ்சே படாத நத்தைகளையும் பக்கத்தில் வைத்துக் காட்டியாக வேண்டும். ஆய்வகத்தில் ரசாயன நெடி என்பதால் வீட்டில் வளர்த்தாள். ஆழ்கடல் நீர் வரவழைத்தாள். தொட்டியை மாற்றினாள். பகலெல்லாம் நன்றாக இருந்தவை மாலையானால் மூடிக்கொண்டன.

“உங்க வீட்டுத் தண்ணியே சரியில்ல, துறைமுகத்த எப்படிம்மா குறை சொல்றது?” என்றார் அவளுடைய ஆய்வுத் துறைத்தலைவர். அறிக்கை அவர் மேசையிலேயே கிடந்தது. பெயிண்டும் கடலில் கரைந்துகொண்டே இருந்தது.

கணவன் கப்பல் பட்டறையில் பெயிண்ட் பிரிவு மேற்பார்வையாளன். மாலையில்தான் வீடு திரும்புவான். வாசலிலேயே குளிக்கவைத்தாள், அவன் உடுப்புகளை வெளியே போட்டாள், கடைசியில் அவனையே அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

“நத்தைக்காகப் பொண்டாட்டி தொரத்திவிட்ட மொத ஆளு நான்தான்” என்று பையைத் தூக்கிக்கொண்டு போனான். மகள்தான் தேம்பினாள். பிறந்ததிலிருந்து அப்பாவின் மார்பில் படுத்துத் தூங்கியே பழகியவள்.

அவன் போய் ஒரு வாரமாகியும் மாலையில் அவை மூடிக்கொண்டன. மறுநாள் விடுப்பெடுத்துத் தொட்டியின் முன்னாலேயே உட்கார்ந்தாள். அவை கண்ணாடி முழுக்க ஏறி, கொம்புகளை நீட்டி, நிதானமாக ஊர்ந்தன. அவள் முகத்துக்கு நேரே. அப்படியானால் தானும் காரணமில்லை.

பள்ளி வேன் நின்றது. கேட் கிரீச்சிட்டது. செருப்பு கழன்று விழும் ஓசை.

கதவோரத்து நத்தை கொம்பை உள்ளிழுத்தது.

பிறகு அடுத்தது.

அடுத்தது.

மகள் பள்ளிப்பையோடு வந்து நின்றாள்.

“நான் வந்தா இதுங்க எப்பவும் இப்படித்தான்மா. பாரேன்.”

தொடாதே என்று சொல்ல நினைத்தாள்.

மகள் உள்ளங்கையைக் கண்ணாடியில் பதித்தாள். உள்ளே மெல்லிய சடசடப்பு. மூடிகள் அடைபட்டன. நத்தைகள் உதிர்ந்தன. கைக்குப் பின்னால் மட்டும்.

மகள் கையை எடுத்தாள். கண்ணாடியில் அதன் தடம் இருந்தது. ஐந்து விரல்களோடு, வெறுமையாக. எந்த நத்தையும் அதற்குள் ஊரவில்லை.