ஏழாம் சிலுவைக்கு மேலே

ஏற்றம் கூடக் கூட மனுஷனுக்கு மூச்சு வாங்கும். தேவாவுக்கு மட்டும் அது குறைந்துகொண்டே வந்தது.

ஜெசிந்தாவுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. சுரண்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் பரோட்டாக் கடை வைத்திருக்கும் அவள் புருஷன் தேவாவுக்குப் போன தை மாதம்தான் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். பிழைத்து எழுந்தால் மலை மாதா கோயிலுக்கு நடந்தே வருவதாக ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே நேர்ந்துகொண்டார். டாக்டர் வேண்டாம் என்றார். அவளும் தலைகீழாக நின்று பார்த்தாள். கேட்டால்தானே. கடைசியில், நெஞ்சு வலித்தால் நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரையைத் தன் பையில் போட்டுக்கொண்டு அவளும் கிளம்பினாள். அவர் கையில் கொடுத்தால் வெற்றிலையோடு சேர்த்து எங்காவது தொலைத்துவிட்டு வருவார்.

தென்காசி வரைக்கும் சமவெளி, சிரித்துப் பேசி நடந்தாயிற்று. குற்றாலத்துக்கு மேலே காட்டுக்குள் ஏறுகிற கடைசிக் கட்டம்தான் ஆளைக் கொல்லும். வழிநெடுகச் சிலுவைகள் நட்டிருக்கும். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம், நடுவில் ஓர் ஆள் அகலத்துக்குப் பாதை. சாரல் மாதத்தில் மேகம் இறங்கிவிட்டால் நீட்டிய கை தெரியாது.

அதனால் அங்கே ஒரு முறை வைத்திருந்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. முன்னால் போகிறவர் ஜெபமாலையில் வரும் 'அருள் நிறைந்த மரியே' செபத்தின் முதல் பாதியைச் சொல்ல வேண்டும், பின்னால் வருகிறவர் மறு பாதியைச் சொல்ல வேண்டும். பதில் வந்தால் ஆள் வருகிறது என்று அர்த்தம். உச்சிக்குப் போகும்வரை முன்னால் போகிறவர் திரும்பிப் பார்த்தால் நேர்ச்சை முறிந்துபோகும். குழுவைக் கூட்டி வந்த சவரிமுத்து அண்ணாச்சி அடிவாரத்திலேயே இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, மற்றவர்களோடு விறுவிறுவென்று ஏறிப் போய்விட்டார்.

ஏழாம் சிலுவையடியில் தேவா உட்கார்ந்தார். தோளில் கிடந்த மஞ்சள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீ நட ஏட்டி. செபத்த ஆரம்பி, நான் பின்னாலயே வாரேன்."

"மாத்திர ஒண்ணு வச்சிக்கிடுதீங்களா?"

"சும்மா எளைப்புதான். நட."

அவள் நடந்தாள். முதல் பாதியைச் சொன்னாள். பதில் உடனே வந்தது. அதே கரகரத்த குரல். 'பாவிகளாயிருக்கிற' என்ற இடத்தில் வழக்கம்போல ஓர் எழுத்தை விழுங்கியது. மனுஷன் எழுந்துவிட்டார் என்று நிம்மதியாக இருந்தது.

வழி வளைந்து வளைந்து செங்குத்தாக ஏறியது. இலைகளிலிருந்து நீர் சொட்டும் ஓசையும், எங்கோ கண்ணுக்குத் தெரியாத ஓடை பாறையில் விழும் இரைச்சலும், தன் செருப்பு சேற்றில் ஒட்டிப் பிரியும் சத்தமும், அந்தச் சத்தங்களுக்கு நடுவே ஒரே சீராக வந்து விழும் மறு பாதியுமாக நெடுநேரம் நடந்த பிறகுதான் இன்னொரு சத்தம் இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. அடிவாரத்திலிருந்து டக் டக்கென்று கல்லில் தட்டிக்கொண்டு வந்த அவருடைய கம்பு. அது கேட்கவில்லை. சேறுதானே, சத்தம் வராது என்று சொல்லிக்கொண்டாள்.

அவர் எங்கே நின்றாலும் கடை எண்ணெய் வாடை அடிக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது, அதற்காகவே அவரைக் கேலி செய்வாள். இப்போது பின்னாலிருந்து வந்தது வேறு வாடை. அணைத்த மெழுகுவர்த்தியின் வாடை. ஈரக் காட்டில், இந்தக் காற்றில், யார் மெழுகுவர்த்தி அணைத்தார்கள்?

அவளுக்கு மூச்சு இரைத்தது. முதல் பாதியைத் துண்டு துண்டாகத்தான் சொல்ல முடிந்தது. மறு பாதி ஒரே மூச்சில் வந்தது. 'இறப்பின் வேளையிலும்' என்ற இடத்தில் மட்டும் அந்தக் குரல் கொஞ்சம் தங்கிப் போனது.

"ஏங்க, நெஞ்சு வலிக்கா?" என்றாள், திரும்பாமல்.

பதில் இல்லை. செபத்துக்கு மட்டும்தான் பதில்.

அப்போது காற்று ஒருமுறை வேகமாக அடித்தது. பள்ளத்துப் பக்கம் மேகம் விலகியது. வளைவுகளுக்கெல்லாம் கீழே, நேர் அடியில், ஏழாம் சிலுவை தெரிந்தது. திரும்பக் கூடாதுதான். குனிந்து பார்க்கலாமே. பார்த்தாள்.

சிலுவையடியில் மஞ்சள் துண்டு. தேவா, அவள் விட்டு வந்த இடத்திலேயே இருந்தார். ஒரு கை நெஞ்சைப் பிடித்திருந்தது. மறு கை அவளை நோக்கி உயர்ந்திருந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. ஓடை இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

அவள் வாய் பாதிச் செபத்தில் நின்றுபோனது.

மாத்திரை. பைக்குள் கையை விட்டு அட்டையைப் பிய்த்தாள். ஒன்றை உள்ளங்கையில் இறுக்கினாள். நேர்ச்சையாவது மண்ணாவது. கீழே ஓட வேண்டும். ஆனால் பாதை ஓர் ஆள் அகலம். பின்னால் வந்தது எதுவோ, அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மாதாவே என்று திரும்பினாள்.

மேகம் மட்டும்தான். வெள்ளையாக. யாரும் இல்லை.

அழுகையே வந்துவிட்டது அவளுக்கு. ஓரடி இறங்கினாள்.

முகத்துக்கு நேரே, ஒரு முழம் தள்ளி, மெழுகு வாடையோடு, தேவாவின் குரல் செபத்தின் முதல் பாதியைச் சொன்னது. சொல்லிவிட்டுக் காத்திருந்தது.

சொல்லக் கூடாது. தெரியும். பல்லைக் கடித்தாள். பேசப் பழகிய நாளிலிருந்து முதல் பாதி கேட்டால் மறு பாதி சொல்லிப் பழகிய வாய். உதடு தானாகப் பிரிந்தது. சொன்னாள்.

குரல் அரை முழம் நெருங்கியது. மறுபடி முதல் பாதி. மறுபடி அவள்.

கீழே உயர்ந்திருந்த கை மெல்ல இறங்கியது. மஞ்சள் துண்டு பக்கவாட்டில் சாய்ந்தது. சாரல் நனைத்த அவள் உள்ளங்கையில் மாத்திரை வெள்ளையாகக் கரைந்து விரலிடுக்கில் வழிந்தது. அவள் சொல்லிக்கொண்டே நின்றாள்.