செயற்கைக்கோளில் ஒரு மூச்சு

ஆறு மணிக்கு எழுந்தான். பல் துலக்கினான். டீ போட்டான், ஆறியதும் கொட்டினான். ஏழு இருபதுக்குச் செயற்கைக்கோள் தலைக்கு மேல் வரும். கைபேசியை ஸ்பீக்கரில் போட்டான்.

"மாப்ள, உங்க ஊருல எந்தக் கும்பகர்ணனோ மைக்க அமுக்கிக்கிட்டே தூங்குறான். இன்னைக்கு விடக்கூடாது."

மனைவியின் அண்ணன். இருப்பது வேறு ஊர். இருவருக்கும் அமெச்சூர் ரேடியோ பித்து. கீழிருந்து போகும் குரலை வாங்கித் தொலைவிலுள்ளவர்களுக்குத் திருப்பி அனுப்புகிற சின்னச் செயற்கைக்கோள் அது. ஒரு வாரமாக அதில் யாரோ மூச்சு விடுகிறார்கள். இழுத்து இழுத்து, நடுவில் கரகரத்து, ஈரத்துணியைப் பிழிவதுபோல் ஒரு மூச்சு, செயற்கைக்கோள் இந்த ஊரைத் தாண்டியதும் நின்றுவிடுகிற மூச்சு. எங்கோ ஒரு பழுதான கருவி தெரியாமல் அதே அலைவரிசையில் ஒலிபரப்புகிறது. தேடிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

"ஆரம்பிச்சிருச்சு மாப்ள."

கை ஆன்டெனாவைத் தெருப் பக்கம் நீட்டினான். சிக்னல் காட்டும் முள் அசையவில்லை. வீட்டுக்குள் திருப்பியதும் ஏறியது. கூடம். நடை. நான்கு மாதமாகப் பூட்டியிருந்த அறை.

திறந்தான். மருந்து வாடை இன்னும் போகவில்லை. கட்டிலருகே பேபி மானிட்டர். நோயில் படுத்திருந்த மனைவி கூப்பிட்டால் அடுத்த அறையில் கேட்கட்டும் என்று வாங்கியது. பச்சை விளக்கு எரிந்தது.

புரட்டினான். பேட்டரிக் குழி காலி. அந்தப் பேட்டரிகளைக் கூடத்துக் கடிகாரத்தில் போட்டவன் அவன்தான். கடிகாரம் ஓடுவது கேட்டது.

 

அவள் இறந்த அன்றும் செயற்கைக்கோள் நேரம்தான். பத்து நிமிடம்தானே என்று மானிட்டரின் ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டான். கழற்றிவிட்டு வந்தபோது அவள் கண்கள் கதவைப் பார்த்துத் திறந்திருந்தன. மூடிவிட்டான். தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று மச்சானிடம் சொன்னான்.

"மாப்ள." குரல் இறங்கியிருந்தது. "இன்னைக்கு மூச்சு மட்டும் இல்ல. பேச்சு. பொம்பளக் குரல்."

"மச்சான், ரேடியோவ அணைங்க."

"இரு. இது... என் தங்கச்சி குரலு மாப்ள."

"அணைங்க மச்சான்!"

அவர் அணைக்கவில்லை.

கட்டிலின் நடுவில் மெத்தை அமிழ்ந்தது. மெதுவாக. தலையணையும். கைபேசியில் கரகரப்பு. மூச்சு. அப்புறம் அவள்.

"ஏங்க... அந்த ரேடியோ போதும். வாங்க. மூச்சு முட்டுது. கேக்குதா?"