ஒழுங்கையின் முதல் கொப்புளம்

“கலியாணம் நிக்கட்டும்! நோர்வேயிலை இருந்து நோயையோ கொண்டந்தவன்?”

தம்பிஐயா போட்ட சத்தத்தில் உரும்பிராய் ஒழுங்கையே அதிர்ந்தது!

மாப்பிள்ளை லக்ஷன் முற்றத்தில் குற்றவாளியாக நின்றான். தம்பிஐயாவின் மகள் வினோஜா, மணப்பெண், கதவுக்குப் பின்னால் விம்மினாள்.

ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு கொப்புளிப்பான் அம்மை... படலைக்குப் படலை வேப்பிலை!

என் வீட்டைத் தவிர. ஆகவே எனக்கு மதிலால் எட்டிப் பார்க்க நேரம் இருந்தது.

“பொறுங்கோ அங்கிள்!”

மடிக்கணினியோடு நுழைந்தாள் கஜந்தினி. வினோஜாவின் தோழி. கம்பசில் கணிதம் படிப்பிப்பவள்.

“லக்ஷன் அண்ணை வந்து அஞ்சு நாள். உது தொத்தி வெளியிலை வர ரெண்டு கிழமை எடுக்கும். அவர் இல்லை!”

“அப்ப ஆர்?”

திரையில் புள்ளிகள்... புள்ளிகளுக்கு நடுவே கோடுகள்.

“ஆர் ஆரோடை எவ்வளவு நேரம் கிட்ட இருந்தவை எண்டு குடுத்தால், ஆரிலை துவங்கினது எண்டு காட்டும்.”

“உதுக்குக் கணக்கு வேறை வேணுமோ?” தம்பிஐயா மதிலைப் பார்த்தார். “எல்லா வீட்டுக்கும் போறது பரிமளமக்கா ஒராள்தானே!”

எல்லாக் கண்களும் என்மேல்!

உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாக இருந்தது. ஊரையே படுக்கவைத்த பெண்!

“பரிமளம் மாமியிலை துவங்கினதா வைச்சும் ஓட்டிப் பாத்தன்.” கஜந்தினி உதட்டைக் கடித்தாள். “ஒருத்தருக்கும் தொத்தேல்லை.”

“ஏன் பிள்ளை?” என் குரலில் ஏமாற்றம்.

“உங்களைக் கண்டால் எல்லாரும் படலையடியிலையே நிண்டு, ‘அடுப்பிலை கறி கிடக்கு’ எண்டு ஓடியிடுகினம், மாமி...”

கத்தியால் குத்தியிருக்கலாம்!

“வருத்தம் வந்த எல்லா வீட்டாரும் ஒண்டாக் குந்தியிருந்தது ஒரேயொரு இடத்திலைதான். இந்த வீட்டுக் கலியாணப் பலகாரச்சூட்டிலை!”

“பலகாரம் சுட்டதோ? எப்ப?!” அலறினேன்.

“ரெண்டு கிழமைக்கு முன்னம், மாமி...” என்றாள் கஜந்தினி. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மற்றவர்களை அம்மாள் பிடித்தாள்... என்னை அவமானம் பிடித்தது.

கஜந்தினி வினோஜாவின் தாய் குணலட்சுமியிடம் திரும்பினாள்.

“அன்ரி, அண்டைக்கு உங்கடை கையெல்லாம் கொப்புளம். கொக்கிஸ் சுடேக்கை எண்ணெய் தெறிச்சது எண்டியள்...”

“ஓம்... தெறிச்சதுதான்!”

“முதுகிலையுமோ? சட்டைக்கு மேலாலை நானும் கண்டனான்.”

குணலட்சுமி சேலைத் தலைப்பால் முதுகை மூடினாள்.

“வீட்டிலை அம்மாள் வந்திருக்கிறா எண்டால் கலியாணத்தைத் தள்ளிப்போடுவியள்... மாப்பிள்ளைத் தம்பியின்ரை லீவு முடிஞ்சிடும்... அதுதான் மறைச்சனான்!”

தம்பிஐயாவின் மீசை தொங்கியது.

“தம்பி... குறை நினைக்காதையும்...”

“எனக்குச் சின்னனிலையே வந்திட்டுது மாமா.” லக்ஷன் குணலட்சுமியைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தான். “மாமிக்கும் சுகமாயிட்டுது. நாளைத் தள்ளாதேங்கோ!”

கதவுக்குப் பின்னால் விம்மல் நின்றது.

குறித்த நாளிலேயே தாலி ஏறியது. வாழ்த்த வந்த முகமெல்லாம் தழும்பு... வீடியோக்கார டினேஸ்தான் பாவம்! வினோஜா ஒஸ்லோவுக்குப் பறந்தாள். கஜந்தினி டினேஸையே கட்டிக்கொண்டாள்.

நானா?

கோண்டாவிலுக்கு வீடு மாறிவிட்டேன். வந்த கிழமையே மூன்று கலியாணத்துக்குச் சொல்லிவிட்டார்கள்.

இங்கே என் வாயைப் பற்றி இன்னும் ஒருவருக்கும் தெரியாது!