காலிக் கூண்டின் எடை

மழை விட்டிருந்த காலையில் பூம் லிஃப்ட் லாரியில் திரும்பி வந்தது. கூண்டில் ஆளை நிறுத்தி ஐந்து மாடி உயரம் தூக்கும் வண்டி.

"காலிக் கூண்டுதான். தூக்க மாட்டேங்குது," என்றான் டிரைவர். "உன்ன மாதிரியே சோம்பேறி ஆயிடுச்சு, எலோய்."

மெக்கானிக் எலோய் சிரிக்கவில்லை. நாற்பது நாளுக்கு முன் குவாயாகில் துறைமுகத்தில் இதே கூண்டில் நின்று பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த அவன் தம்பி ஹசிந்தோ விழுந்து செத்தான். ஈர மண்ணில் சக்கரம் இறங்கியது. கூண்டைத் தூக்கும் இரும்புக் கை உதறியது. இன்ஸ்பெக்டர் மண்ணைக் குற்றம் சொல்லி எழுதிக்கொண்டு போனார்.

பட்டறையில் ஆற்றுச் சேற்றின் வாடை. எலோய் ஆயிலைப் பார்த்தான். சுத்தம். பம்ப்பின் அழுத்தம் சரி. பேட்டரி சரி. கீழ்க் கட்டுப்பாட்டுப் பலகையின் திரையில் மட்டும் 'எடைப் பிழை' என்று மின்னியது. கூண்டின் எடை சொல்லும் சென்சாரைக் கழற்றிப் புதிதை மாட்டினான்.

திரை 64 என்றது.

தம்பியின் பிணவறைத் தாளில் கையெழுத்துப் போட்டவன் எலோய். எடை என்ற இடத்தில் அதே எண் இருந்தது.

முதலாளி டோன்யா மிரேயா வந்து எட்டிப் பார்த்தாள். "சென்சார்தான கோளாறு? பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து அனுப்பிடேன்."

"சென்சார்ல கோளாறு இல்ல, டோன்யா."

"அப்போ கூண்டுல யாரு, உன் மாமியாரா?"

அவள் போனதும் எலோய் பூஜ்யப் பொத்தானில் விரலை வைத்தான். அழுத்தினால் அறுபத்து நாலு கிலோ மறைந்துவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் வண்டி அத்தனை குறைத்தே சொல்லும். அடுத்தவன் ஏறுவான்.

கூண்டுக் கம்பியில் யாரோ விரல் மடக்கித் தட்டினார்கள்.

இரண்டு முறை. மேலே நிற்பவன் கீழே இருப்பவனிடம் 'நிறுத்து' என்று சொல்லும் தட்டு.

ஈரப் பெயின்ட் மணத்தது. பட்டறையில் பெயின்ட் கிடையாது.

"ஞாஞோ."

அண்ணனை அப்படிக் கூப்பிட உலகத்தில் ஒருவன்தான் இருந்தான்.

எலோய் பொத்தானிலிருந்து விரலை எடுத்தான். அடித்தட்டின் மின்பெட்டியைத் திறந்தான். ஒரு விரல் நீளத்துக்குச் சிவப்பு வயர் அங்கேயே இருந்தது. வண்டி சாய்ந்தால் அலாரம் அடித்து, இரும்புக் கையை மேலே போகவிடாமல் நிறுத்தும் சுவிட்சை ஏமாற்றுகிற வயர். மேடுபள்ளமான துறைமுகத்தில் அந்த அலாரம் ஓயாமல் கத்தியது. "ஏதாவது பண்ணு ஞாஞோ, வேலையே ஓடல," என்று கெஞ்சினான் ஹசிந்தோ. எலோய் தன் கையால் முறுக்கினான். இன்ஸ்பெக்டர் இந்தப் பெட்டியைத் திறக்கவில்லை. எலோயும் வாயைத் திறக்கவில்லை.

வயரைப் பிடுங்கினான்.

64.

"எடுத்துட்டேன்டா," என்றான் மெல்ல. "எறங்கிடுடா. இன்னும் என்னடா வேணும்?"

64.

டோன்யா மிரேயா திரும்ப வந்தாள். "கையில என்ன?"

குப்பை வயர் என்று சொல்லலாம். அவள் நம்புவாள்.

"இத நான்தான் போட்டேன், டோன்யா. தம்பி சாகறதுக்கு முந்தின நாள். அலாரம் அடிக்காம இருக்க."

கூரையிலிருந்து மழைநீர் சொட்டியது. திரை 30 ஆயிற்று. 11. பிறகு 0.

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அவள் இன்ஸ்பெக்டருக்குப் போன் பண்ண உள்ளே போனாள். அவள் செருப்புச் சத்தம் தேய்ந்தது.

பெயின்ட் வாடை போய்விட்டது. எலோய் கூண்டில் ஏறினான். கம்பியைத் தடவினான். எங்கும் சில்லென்று இருந்தது.

"ஹசிந்தோ."

கம்பியை இறுகப் பிடித்தான்.

"போகச் சொல்லலடா உன்ன. எறங்கத்தான் சொன்னேன்."

அங்கேயே உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். நாற்பது நாளாக வராத அழுகை வந்தது.

டோன்யா மிரேயா போனைக் காதில் வைத்தபடியே வந்தாள். கீழ்ப் பலகைக்கு முன்னால் நின்றாள். போனைக் கீழே இறக்கினாள்.

"எலோய். உன் எடை எவ்வளவு?"

"எழுபத்தெட்டு. ஏன்?"

அவள் விரலை நீட்டினாள்.

திரையில் 142.