நாற்றமில்லாத வீடு

பூட்டிக் கிடக்கும் வீடு நாற வேண்டும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை. ஆனால் என் தங்கையின் கணவருக்கு அந்தச் சின்னப் படிப்பும் இல்லை.

அவருக்கு அந்தச் சிற்றூரின் பால் குளிரூட்டும் நிலையத்துக்கு மாற்றல். சூப்பர்வைசர். தங்கை மூன்று மாதக் கைக்குழந்தையோடு வியாழக்கிழமை வந்து இறங்குகிறாள்; அதற்குள் வாடகைக்கு ஒரு வீடு வேண்டும். நான் முப்பது வருடமாகக் குழாய் வேலை பார்ப்பவன். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். குழாயைப் பார்க்க அல்ல, பெட்டி தூக்க.

காலை பதினொரு மணிக்குத் தரகர் வந்தார். ஊரே அவரைச் 'சாவிக்கொத்து' என்றுதான் கூப்பிட்டது. இடுப்பில் எத்தனை சாவியோ வாயில் அத்தனை பொய். ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு எங்களை ஏற்றிவிட்டு, மூச்சிரைக்கக் கதவைத் திறந்தார்.

"ரெண்டு வருஷமா பூட்டியே கிடக்கு சார். ஒரு காலடி பட்டதில்ல."

அது மட்டும் பொய்யில்லை. தரையில் தூசி கம்பளம்போல் கிடந்தது. எங்கள் மூவரின் செருப்புத் தடத்தைத் தவிர வேறு தடமே இல்லை.

"பாத்தீங்களா மச்சான், என்னா காத்து!" என்றார் மாப்பிள்ளை. ஜன்னலைத் திறந்தால் எந்த வீட்டிலும் காற்று வரும். இவரே அதைக் கண்டுபிடித்ததுபோல் இடுப்பில் கைவைத்து நின்றார்.

நான் மூச்சை இழுத்துப் பார்த்தேன். தூசி வாசம். வேறொன்றும் இல்லை.

அதுதான் இடித்தது.

சொல்கிறேன். குளியலறையில் தண்ணீர் போகும் இடத்தில் சல்லடை மூடி இருக்கிறதே, அதற்குக் கீழே குழாய் நேராக இறங்காது. வளைந்து இறங்கி, மறுபடி கொஞ்சம் ஏறி, பிறகுதான் கீழே போகும். அந்த வளைவில் எப்போதும் ஒரு குவளைத் தண்ணீர் தங்கி நிற்கும். சாக்கடைக் காற்றை வீட்டுக்குள் விடாமல் அடைக்கிற கதவு அந்தத் தண்ணீர்தான். இரும்பில்லை, ரப்பரில்லை, வெறும் தண்ணீர்! யோசித்தவன் கையில் முத்தம் கொடுக்கலாம். ஆனால் ஆள் புழங்காத வீட்டில் அது ஒரு மாதம், மிஞ்சிப்போனால் இரண்டு மாதத்தில் வற்றிவிடும். பிறகு உள்ளே நிற்க முடியாது.

இரண்டு வருடம் பூட்டிய வீடு நாறவில்லை என்றால், யாரோ தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

குளியலறைக் குழாயைத் திருகினேன். தண்ணீர் வரவில்லை, ஒரு சிலந்தி வந்தது. மொட்டை மாடிக்கு ஏறினேன். அந்த வீட்டுக்கு இறங்கும் குழாயைத் தொட்டியருகே அறுத்து, முனையில் இரும்பு மூடி போட்டு இறுக்கியிருந்தார்கள். மூடி துருவேறி இறுகிப்போயிருந்தது.

திரும்பி வந்து சல்லடையைத் தூக்கினேன்.

விளிம்புவரை தண்ணீர்.

விரலை விட்டேன்.

வெதுவெதுப்பாக இருந்தது.

"யாரோ ஊத்துறாங்க மாப்ள," என்றேன்.

"வெயில் சூடு மச்சான். சாக்கடைக்குள்ள கையை விட்டுட்டுப் பேய்க் கதை சொல்றீங்க. தொழில் புத்தி எங்க போகும்?"

குளியலறைக்குக் கைக்குட்டை அளவு ஜன்னல், அதுவும் வெயிலே படாத பக்கம். அதை யார் அவருக்கு எடுத்துச் சொல்வது? சாவிக்கொத்து தேவைக்கு அதிகமாகச் சிரித்தார். ஆனால் குளியலறை வாசலை மட்டும் அவர் தாண்டவில்லை.

வாதாடுவதைவிடச் செய்துகாட்டுவது மேல். பழைய துணியால் வளைவிலிருந்த தண்ணீரை முழுக்க ஒற்றியெடுத்தேன். அப்போதே சாக்கடை நாற்றம் குப்பென்று எழுந்தது. மாப்பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டார். கதவைப் பூட்டி, சாவியை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மூவரும் கதவுக்கு எதிரே படிக்கட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

"முன்னாடி யாரு இருந்தா?"

"ஒரு அம்மா. கைக்குழந்தையோட." சாவிக்கொத்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ரொம்ப சுத்தம் பாக்குறவங்க."

"இப்ப எங்க இருக்காங்க?"

"அதான் சார் யாருக்கும் தெரியல."

கதவைத் திறந்தேன்.

நாற்றம் இல்லை.

குழந்தை சோப்பின் வாசம்.

தூசியில் எங்கள் தடங்கள் மட்டும். வளைவில் தண்ணீர் நிறைந்து, மேலே மெல்ல ஆவி எழுந்துகொண்டிருந்தது. ஒரு நுரைக்குமிழி எங்கள் கண்ணெதிரே உடைந்தது.

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் மாப்பிள்ளை தெருவில் இருந்தார். பேய்க்குப் பயப்படாத அந்த வீரர் ஒரு செருப்பை மூன்றாம் மாடியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். அதை எடுத்து வந்ததும் நான்தான்.

அன்று மாலைக்குள் நானே வேறு வீடு பிடித்தேன். மாவு மில்லுக்குப் பின்னால் இரண்டே அறை. கதவைத் திறந்ததும் குடலைப் புரட்டும் நாற்றம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "இதுதான் வேணும்" என்றேன். வீட்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

வியாழக்கிழமை தங்கையையும் குழந்தையையும் அங்கே குடிவைத்துவிட்டு ஊர் திரும்பினேன். மறுநாள் நடுப்பகலில் அவள் போன் செய்தாள்.

"அண்ணா, குழந்தையைக் குளிப்பாட்ட ஆள் யாரையாவது வரச் சொன்னீங்களா?"

"இல்லையே. ஏம்மா?"

"கொஞ்சம் கண்ணசந்துட்டேன். எழுந்து பாத்தா இவன் தலையெல்லாம் ஈரம். நல்லாத் துவட்டி, கதகதப்பா ஒரு துண்டுல சுத்திப் படுக்க வெச்சிருக்கு. இவருதான்னு நெனச்சேன். போன் போட்டா ஆபீஸ்ல இருக்காரு. கதவுத் தாழ்ப்பாள் போட்டது போட்டபடியே இருக்கு."

போனைக் காதில் வைத்தபடியே செருப்பை மாட்டினேன்.

"அண்ணா," அவள் குரல் தாழ்ந்தது. "இந்தத் துண்டு நம்மளோடது இல்லண்ணா."